கடைசிக் காட்சியில் வருகிறவர்

வேன் முழுக்கத் தொண்டை மிட்டாயின் புதினா வாசம். இரண்டு இருக்கைகளுக்கு நடுவே காபிக் கோப்பை வைக்கும் குழியில் மிட்டாய்த் தாள்கள் கசங்கிக் கிடந்தன. என் மடியில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்த மளிகைப் பை. ரூட் ஒன் நெடுஞ்சாலையில் சிவப்பு விளக்குக்கு நின்றோம்.

"ஏம்மா கல்யாணி, வர்ற சனிக்கெழம ராஜா பார்ட்டு யாருக்கு?" என்று கேட்டார் ஞானராஜ் அண்ணன்.

"பாலு சாருக்குங்கண்ணா. லிஸ்ட் பத்து நாள் முன்னாலயே குரூப்புல போட்டேனே, பாக்கலீங்களா?"

"பாத்தேன், பாத்தேன். மாத்த முடியுமான்னு கேக்கேன். இந்த ஒரு தடவ எனக்கு."

"இப்பவா? அவரு சம்பந்தி வீட்டுல எல்லாம் கேக்க வர்றாங்களாம். கடைசி நேரத்துல மாத்துனா நல்லாவா இருக்கும்? அடுத்த மாசம் கண்டிப்பா உங்களுக்குத்தானுங்க. இன்னைக்கே எழுதி வெச்சர்றேன்."

"சரிம்மா. சும்மாதான் கேட்டேன்."

பச்சை விழுந்தது. பின்னால் நின்ற கார்க்காரர் ஹார்ன் அடித்தார். அண்ணன் ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். அதற்குப் பிறகு வீடு வரும்வரை முருங்கைக்காய் விலையைப் பற்றித்தான் பேசினோம்.

இந்தத் தொடரில் நான் தேதிகளைக் கறாராக எழுதுவதை வாசகர்கள் சிலர் கேலி செய்கிறீர்கள். மருந்துக் கம்பெனியில் ஆவணம் சரிபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு தாளில் தேதி விட்டுப்போனால் அந்தத் தாளே செல்லாது என்று பழகிய கை. இந்த அத்தியாயத்தின் தேதிகளும் என் நோட்டில் ஒழுங்காக இருக்கின்றன. இங்கே எழுத மனம் வரவில்லை. கிழமைகள் போதும்.

மேலே சொன்னது ஒரு புதன்கிழமை.

இன்னைக்கு எத்தன பொணம்?

நியூயார்க்கிலிருந்து ரயில் தூரத்தில் இருக்கும் வெஸ்ட் வின்ட்சரில், பாலு சார் வீட்டு பேஸ்மென்ட்டில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்குக் கூடுவோம். பத்துப் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் ஊரில் பி.ஏ. இங்கிலீஷ் படித்துவிட்டு இங்கே வந்து வேறு எதையோ செய்து பிழைத்தவர்கள். பல நூற்றாண்டு பழைய ஆங்கிலத் துன்பியல் நாடகங்களை, ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே உரக்க வாசிப்போம். மேடை கிடையாது, உடுப்பு கிடையாது. நாடகங்களுக்கு நாங்களே சுருக்கப் பெயர் வைத்திருந்தோம். ராஜா நாடகம், தளபதி நாடகம், விதவை நாடகம்.

விதிகள் இரண்டு. ஒலிப்பதிவு கூடாது. சாவுக் காட்சியில் மிக்ஸர் கொறிக்கக் கூடாது. இரண்டாவது விதியைத்தான் அடிக்கடி நினைவூட்ட வேண்டியிருந்தது.

ஞானராஜ் அண்ணனின் மனைவி மெர்சி அக்கா ஒரு தடவைகூட வந்ததில்லை. அவர் நர்ஸ். சனிக்கிழமைகளில் அவருக்கு டியூட்டி இருக்கும், இல்லாவிட்டால் தூக்கம் இருக்கும். அண்ணனும் நானும் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்பார்.

"இன்னைக்கு எத்தன பொணம்?"

"ஆறு விழும்னு நெனைக்கேன்" என்பார் அண்ணன்.

"எங்க வார்டு பரவால்ல."

பாலு சார் தொலைபேசிக் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடி உயரம், அடிவயிற்றிலிருந்து வரும் குரல். அவர் ராஜாவாக வாசிக்கும்போது மேலே சமையலறையில் பாத்திரம் அதிர்கிறது என்று அவர் மனைவி சொல்வார். அதில் பெருமையும் இருக்கும், புகாரும் இருக்கும்.

என் வேலை பதிவேடு. யார் வந்தார்கள், எந்தப் பாத்திரம் வாசித்தார்கள், எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடித்தோம் என்று எழுதி வைப்பேன். அதைப் பார்த்துத்தான் அடுத்த மாதத்துக்குப் பாத்திரங்களைப் பிரித்து, இரண்டு வாரம் முன்னால் குரூப்பில் போடுவேன்.

தாதியின் குறை

கல்லூரியில் இந்த நாடகங்களைப் படித்தபோது ஒரு கேள்வி தவறாமல் வரும். நாயகனின் குறை என்ன? கர்வம், சந்தேகம், அவசரம், யார் பேச்சையும் கேட்காத பிடிவாதம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். தாதியின் குறை என்ன, வேலைக்காரனின் குறை என்ன என்று யாரும் கேட்டதில்லை.

ஆனால் உரக்க வாசிக்கும்போது ஒன்று புரியும். நாயகன் அழிவது அவன் குறையால் மட்டும் இல்லை. கடிதம் கொண்டுபோனவன் வழியில் எங்கோ தங்கிவிடுகிறான். தாதி சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள். நண்பன் ‘ஏன்’ என்று ஒரு தடவை கேட்டிருந்தால் நாலாவது அங்கத்திலேயே எல்லோரும் பிழைத்திருப்பார்கள். அவன் கேட்பதில்லை.

நாயகனுக்குத் தன் தவறை நினைத்துப் புலம்ப ஒரு பக்கம் வசனம் உண்டு. நண்பனுக்கு அது கிடையாது. அடுத்த காட்சியில் சாதாரணமாக வந்து நிற்பான்.

நான் பதிவேட்டில் செய்தது அந்த வகைத் தவறு. கொஞ்சம் விளக்க வேண்டும்.

ராஜா இல்லாமல் முதல் காட்சியை ஆரம்பிக்க முடியாது. அதனால் நேரத்துக்கு வருகிறவர்களுக்கே பெரிய பாத்திரம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம். தாமதமாக வருகிறவர்களுக்கு மூன்றாவது அங்கத்துக்குப் பிறகு நுழையும் பாத்திரம். நியாயமான விதி. எல்லோரும் கை தூக்கினோம், ஞானராஜ் அண்ணனும்தான்.

என் பதிவேட்டில் ஞானராஜ் அண்ணன் பெயருக்கு எதிரே ஒவ்வொரு மாதமும் ‘தாமதம்’ என்று இருக்கிறது. என் கையெழுத்து. ஒரு மாதம்கூட விட்டுப்போகவில்லை.

அவர் ஏன் தாமதமானார்? ரூட் ஒன்றில் ஒரு லாரி என் காரை உரசிவிட்டுப் போனதிலிருந்து நான் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டேன். பிளெய்ன்ஸ்போரோவில் அவர் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி என் அபார்ட்மென்ட். அவர்தான் என்னை ஏற்றிக்கொண்டு போய் இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாக பாலு சார் வீட்டில் இறக்கிவிடுவார். பிறகு அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு பிரின்ஸ்டன் ஜங்ஷன் போவார். நியூயார்க்கிலிருந்து எங்கள் ஆட்கள் மூன்று பேர் ரயிலில் வருவார்கள். ரயில் நுழைவதே இரண்டு மணிக்கு மேல். அவர்களை அள்ளிப் போட்டுக்கொண்டு அவர் திரும்பும்போது முதல் அங்கம் பாதி ஓடியிருக்கும்.

ரயிலில் வந்த மூன்று பேருக்கும் நான் தாமதம் போட்டதில்லை. ரயில் தாமதத்துக்கு அவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு சலுகை. வேன் ஓட்டியவருக்கு அந்தச் சலுகையைத் தர எனக்குத் தோன்றவில்லை. எனக்கு மட்டும் இல்லை, அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னை நேரத்துக்குக் கொண்டுவந்து இறக்கிய மனிதருக்கு, அந்த வேனிலிருந்து இறங்கிப் போய் உட்கார்ந்து, நான் ‘தாமதம்’ என்று எழுதினேன்.

பதினோரு வரி

அப்படித்தான் அவர் எங்களுடைய நிரந்தர மெசஞ்சர் ஆனார். கடைசி அங்கத்தில் ஓடிவந்து, யாரோ செத்துப்போனதைச் சொல்லிவிட்டுப் போகிறவர். நாளாக நாளாக பாத்திரத்தின் பெயரே அவர் பெயராகிவிட்டது.

"மெசஞ்சர் வந்தாச்சு, சாவு உறுதி" என்பார் பாலு சார்.

"என்ன சார் செய்ய, நீங்க சாகாம நான் வீட்டுக்குப் போவ முடியாதுல்லா" என்பார் அண்ணன்.

அண்ணன் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். மெர்சி அக்காவுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தபோது அவர் பின்னால் வந்தார். வந்த பிறகு கொஞ்ச நாள் வேர்ஹவுஸ், பிறகு ஸ்கூல் பஸ். காலை ட்ரிப்புக்கும் மதிய ட்ரிப்புக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில்தான் என்னை மளிகைக் கடைக்குக் கூட்டிப்போவார்.

"எனக்கு இன்னைக்குப் பதினோரு வரி. பதினொண்ணுல நாலு ‘ஐயோ’" என்று வேனில் கணக்குச் சொல்வார். ஆனால் அந்தப் பதினோரு வரியை அவர் ஒப்புக்கு வாசித்ததில்லை. பேஸ்மென்ட் படிக்கட்டில் மேலே நின்றுகொண்டு, தன் இடம் வந்ததும் தடதடவென்று இறங்கி வருவார். மூச்சு வாங்கும். ராஜாவைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துச் சொல்வார்.

அந்தக் கடைசி ஏழெட்டு மாதங்களில் அவர் குரலில் ஒரு கரகரப்பு சேர்ந்தது. வெகுதூரம் ஓடிவந்தவனின் தொண்டை காய்ந்துபோன மாதிரி, சொல்லின் நுனி உடைந்து உடைந்து வந்தது. எங்களுக்குப் புல்லரித்தது. நாங்கள் அதை நடிப்பு என்று நினைத்தோம்.

"எங்க சார் கத்துக்கிட்டீங்க இத? அப்படியே பாலைவனத்துல ஓடி வந்தவன் மாதிரி இருக்கு" என்றார் பாலு சார். "உங்க தொண்டையே மெசஞ்சருக்குன்னு செஞ்சது."

அண்ணன் சிரித்தார்.

வேறு எந்த வீட்டிலும் ஒருவர் இத்தனை மாதம் தொண்டை கட்டிப்போய்ப் பேசினால், டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்பார்கள். நாங்கள் கைதட்டினோம்.

சனிக்கிழமை

அந்தச் சனிக்கிழமை பாலு சாரின் சம்பந்தி வீட்டார் முன்வரிசை சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். பாலு சார் வழக்கத்தைவிடப் பிரமாதமாக வாசித்தார். அது பொய்யில்லை. தன் மகனையே சந்தேகப்பட்டு நாட்டைவிட்டுத் துரத்தும் ராஜா. கோபம் வடிந்து உண்மை தெரியும்போது மகனைத் திருப்பி அழைக்க ஆள் அனுப்புவான்.

போனவன் திரும்பி வரும் காட்சி வந்தது. படிக்கட்டில் சத்தம் கேட்கவில்லை. ஞானராஜ் அண்ணன் அன்று ஓடிவரவில்லை. ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கையில் புத்தகம் இல்லை. அவருக்கு மனப்பாடம்.

இளவரசன் இறந்துவிட்ட செய்தியைச் சொன்னார். பாதிச் சொற்களில் குரல் இல்லை, காற்று மட்டும்தான் வந்தது. தரையைப் பார்க்கவில்லை. நேராக ராஜாவைப் பார்த்துச் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் உட்காராமல் நின்றார். பாலு சாரின் சம்பந்தியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

முடிந்ததும் பாலு சார் எழுந்துபோய் அவரைக் கட்டிப்பிடித்தார். "இன்னைக்குத்தான் சார் நிஜ மெசஞ்சர்!"

நான் பதிவேட்டில் எழுதினேன். தூதன்: ஞானராஜ். தாமதம்.

திரும்பும்போது வேனில் அவர் பேசவில்லை. களைப்பு என்று நினைத்தேன். என்னை இறக்கிவிடும்போது மட்டும், "கேட்டுச்சாம்மா ஒனக்கு? பின்னால வரைக்கும்?" என்றார்.

"நல்லா கேட்டுச்சுங்கண்ணா."

அதுதான் அவர் குரலில் நான் கேட்ட கடைசிக் கேள்வி.

செவ்வாய்க்கிழமை

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மெர்சி அக்கா போன் செய்தார். நர்ஸ் குரலில், சீராகச் சொன்னார். தொண்டையில் கேன்சர். குரல்வளையை முழுசாக எடுத்தாகிவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மகள் ரூத் சன்னிவேலில் இருந்து வந்திருக்கிறாள்.

"எப்பக்கா தெரிஞ்சுது?"

"ரெண்டு வாரம் இருக்கும்."

"எங்ககிட்ட ஒரு வார்த்த..."

"அவிய சொல்லக் கூடாதுன்னுட்டாவ. சொன்னா பாவம் பாத்து ராஜா பார்ட்ட குடுத்துருவாவளாம். அப்படிக் குடுக்க ராஜா எனக்கு வேண்டாம்னாவ. ‘நான் கேட்டுப் பாக்கேன், குடுத்தா வாசிக்கேன்’னு ஒங்ககிட்ட கேக்கத்தான் புதன்கெழம வண்டிய எடுத்துட்டு வந்தாவ."

முருங்கைக்காய் அன்று ஒரு பவுண்டு என்ன விலை என்பதுகூட எனக்கு நினைவிருந்தது. ‘ஏனுங்கண்ணா, எதுக்கு இந்தத் தடவை?’ என்று ஒரு வாய் வார்த்தை. அது மட்டும் அன்று வாயில் வரவில்லை.

"வீட்டுல வாசிப்பாவ கல்யாணி" என்றார் அக்கா. "ராஜா பார்ட்டத்தான். வருசக்கணக்கா. நான் அரிசி களைஞ்சுட்டு நிப்பேன், அவிய டைனிங் டேபிள்ள நின்னுட்டு என்னையப் பாத்துக் கத்துவாவ."

"எப்படி இருக்கும்கா?"

"எனக்கு என்னத்தத் தெரியும்?" பிறகு அவரே சொன்னார்: "நல்லா இருக்கும்."

அடுத்த மாசம்

மூன்று வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். ஞானராஜ் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி. மூச்சு மூக்கு வழியாக இல்லாமல் அந்தத் துணிக்கு அடியிலிருந்து வந்தது. கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு கருவியைக் கொடுத்திருந்தார்கள். அது டிவி மேசை மேல் கிடந்தது.

"ரோபோ மாதிரி இருக்குன்னு தொடவே மாட்டங்காவ" என்றார் மெர்சி அக்கா.

மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். "அண்ணா, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்ததும் அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மடியிலிருந்த சின்ன வெள்ளைப் பலகையில் எழுதித் திருப்பிக் காட்டினார்.

‘லிஸ்ட் லிஸ்ட்தான்.’

அதை அழித்துவிட்டு இன்னொன்று எழுதினார். வாத்தியார் கையெழுத்து.

‘அடுத்த மாசம் எனக்குன்னு சொன்ன.’

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எழுதி வெச்சிருக்கேனுங்கண்ணா. ஆனா எப்படி..."

‘ராஜா நான். எப்படிங்கது என் பாடு.’

பாலு சாரிடம் சொன்னேன். அவர், "நான் பக்கத்துல உக்காந்து வாய்ஸ் குடுக்கறேன். அவர் பேர்ல நான் வாசிக்கறேன்" என்றார். நல்ல மனதுடன் சொன்னதுதான். அண்ணனுக்குக் குரூப்பில் அனுப்பினோம். ஒரே வார்த்தையில் பதில் வந்தது. ‘வேண்டாம்.’

ராஜா

அடுத்த மாதமும் அதே ராஜா நாடகத்தையே எடுத்துக்கொண்டோம். அந்தச் சனிக்கிழமை பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்கு பாலு சார் போனார். வழி தவறி, ஸ்டேஷனின் எதிர்ப்பக்க பார்க்கிங்கில் நின்றுகொண்டு, ரயிலில் வந்தவர்களைப் போனில் திட்டினாராம். ஒன்றேமுக்காலுக்கே வந்துவிட்ட ஞானராஜ் அண்ணன், பாலு சாரின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து எல்லோருக்காகவும் காத்திருந்தார். மெர்சி அக்கா லீவு போட்டுவிட்டு அவரைக் கூட்டிவந்திருந்தார். அக்காவை சோபாவுக்குக் கூப்பிட்டோம். வேண்டாம் என்று படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டார். அக்காவிடம் புத்தகம் இல்லை.

முதல் வசனம் ஒரு பிரபுவுடையது. அடுத்தது ராஜா.

ஞானராஜ் அண்ணன் புத்தகத்தை உயரமாகப் பிடித்துக்கொண்டார். உதடுகள் அசைந்தன. அறையில் ஒரு சத்தமும் இல்லை. எங்கோ ஹீட்டர் உறுமி ஓடத் தொடங்கியது. நாங்கள் எல்லோரும் எங்கள் புத்தகங்களில் அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் முடித்ததும் தலையைத் தூக்கி, அடுத்து வாசிக்க வேண்டியவரைப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

ராஜா வருகிற இடமெல்லாம் இப்படியே போனது. நாங்கள் சொல்வோம், பிறகு காத்திருப்போம். கோபக் காட்சியில் அவர் நாற்காலியின் கையை அடித்தார். கழுத்துத் துணி வேகமாக ஏறி இறங்கியது. சில இடங்களில் ஒரு வரிக்கே வெகுநேரம் எடுத்துக்கொண்டார், சில இடங்களில் அரைப் பக்கத்தை ஒரே மூச்சில் தாண்டினார். அவர் அதை எப்படி வாசிக்கிறார் என்பதை நேரத்தை வைத்து மட்டும் ஊகித்தோம்.

நான் கேட்க முயன்றேன். வரிகள் கண்ணில் ஓடும்போது என் மனதுக்குள் ஒரு குரல் கேட்டது. அது பாலு சாரின் குரல். எத்தனை முயன்றும் அதை மாற்ற முடியவில்லை. இத்தனை வருடங்களில் ராஜாவுக்கு வேறு குரல் ஒன்றை நான் கேட்டதே இல்லை. கேட்காதபடி பார்த்துக்கொண்டவள் நான்தான்.

கண்ணீரை மறைக்கத் தலையைத் திருப்பினேன். படிக்கட்டில் மெர்சி அக்கா தெரிந்தார். கண்ணை மூடியிருந்தார். ஓர் இடத்தில் இலேசாகத் தலையை ஆட்டினார். இன்னோர் இடத்தில், ராஜா தன் வேலைக்காரனைத் திட்டும் இடம் என்று நினைக்கிறேன், அவருக்குச் சிரிப்பு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அறையில் வேறு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கடைசிக் காட்சி. மகன் இறந்துவிட்டான். ராஜாவின் கடைசி வசனம் முக்கால் பக்கம். அது முடிந்ததும் வேலைக்காரனுக்கு ஒரே ஒரு வரி. அந்தப் பாத்திரத்தை பாலு சார் கேட்டு வாங்கியிருந்தார்.

அண்ணன் ஆரம்பித்தார். நாங்கள் வரிகளின்மேல் கண்ணை ஓட்டினோம். நான் பக்கத்தின் அடிக்கு வந்துவிட்டேன். மற்றவர்களும் வந்துவிட்டது தெரிந்தது. அண்ணனின் உதடுகள் நின்றிருந்தன. புத்தகம் மடியில் இறங்கியிருந்தது. ஹீட்டரும் நின்றுவிட்டது. ஒருவரும் அசையவில்லை. அமைதி நீண்டுகொண்டே போனது. பாலு சார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பாலு சார் தன் புத்தகத்தைத் தூக்கி, வேலைக்காரனின் வரியை மெதுவாகத் தொடங்கினார்.

படிக்கட்டிலிருந்து மெர்சி அக்கா, கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"இருங்க சார். அவிய இன்னும் முடிக்கல."